கழித்துவிட்ட இராணுவ ஜெனரேற்றரை மீண்டும் இயக்குதல்

மீளக் குடியமரும் குடும்பம் முதலில் தேடுவது கிணற்றை. கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியதும் தேடுவது தோட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றும் வழியை. மின்கம்பி வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு போகம் கைவிட்டுப் போய்விடும்.

அண்மையில் நாம் சென்ற கிராமம் ஒன்றில் சில குடும்பங்கள் காசு சேர்த்து, பலர் கைமாறி வந்த வெளிநாட்டு இராணுவ ஜெனரேற்றர் ஒன்றை வாங்கியிருந்தன. பச்சை நிறப் பூச்சு, கனத்த இரும்புப் பெட்டி. வாங்கி ஒரு வாரமாகியும் அது இயங்கவில்லை. இளைஞர்கள் இன்ஜெக்ரர் பம்பைக் கழற்ற சாவியுடன் நின்றார்கள். "கொஞ்சம் பொறுங்கோ தம்பியவை" என்று தடுத்தோம். அந்தப் பம் தலைமயிரிலும் நுண்ணிய இடைவெளியில் பொருத்தப்பட்டது. மண் தரையில் வைத்துத் திறந்தால் அதன் கதை முடிந்தது. உண்மையான பழுது டீசலில் கலந்த தண்ணீரும் குழாயில் புகுந்த காற்றுந்தான். பின்னேரம் மூன்று மணிக்கு எஞ்சின் முழங்கியது.

இராணுவங்கள் கழித்துவிடும் இயந்திரங்கள் பெரும்பாலும் தேய்ந்தவை அல்ல, நெடுநாள் சும்மா கிடந்தவை. ஆகவே விலை குறைந்த காரணங்களை முதலில் பாருங்கள். கழற்றும் வேலை கடைசி.

புகைபோக்கியைக் கவனித்தாலே பாதி விடயம் தெரிந்துவிடும். ஸ்ராட்டர் சுழலும்போது புகையே வரவில்லையானால் டீசல் எஞ்சினுக்குள் போகவில்லை. வெண்புகை வந்தும் பற்றவில்லையென்றால், டீசல் போகிறது, எரியச் சூடு போதவில்லை. சூடேற்றும் பிளக், தளர்ந்த பற்றறி, குறைந்த அமுக்கம் ஆகியவற்றை நோக்குங்கள். கரும்புகை என்றால் காற்று வடி அடைத்திருக்கும், அல்லது சுமை மிஞ்சியிருக்கும். நீலப்புகை ஒயில் எரிவதைக் காட்டும். அதற்குத்தான் நல்ல மெக்கானிக் வேண்டும்.

புகை இல்லாதபோது செய்வது இது. தாங்கியில் கிடக்கும் டீசலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஓரிரவு வையுங்கள். அடியில் தண்ணீர் தங்கினாலோ கரும்பாசி போல வழுவழுப்பு மிதந்தாலோ தாங்கியை முற்றாக வடித்துக் கழுவ வேண்டும். 2022 தட்டுப்பாட்டில் வரிசையில் நின்று வாங்கிக் கான்களில் ஒளித்து வைத்த டீசல் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை இதற்குள் ஊற்றாதீர்கள். பில்ரரை மாற்றிப் புது டீசலை நிரப்பி, பில்ரரின் மேலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். குமிழி குமிழியாக வந்து, பின் குமிழியின்றி டீசல் வழியும்போது இறுக்குங்கள். இன்ஜெக்ரர் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். அதன்பின் இன்ஜெக்ரர் குழாயின் சுரையை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்ராட்டரைச் சிறிது நேரம் சுழற்றினால் மிச்சக் காற்றும் வெளியேறும். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். இன்ஜெக்ரரிலிருந்து பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாகத் தெரியும், ஆனால் விரல் போகலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "டீசல் உள்ளே போனது" என்று சொல்லுங்கள்.

ஸ்ராட்டர் 'டிக்' என்று மட்டும் சத்தமிட்டால் பற்றறியைப் பாருங்கள். இவற்றில் பல 24 வோல்ற்று. இரண்டு 12 வோல்ற்றுப் பற்றறிகள் தொடராக வேண்டும். ஒன்றை மட்டும் பொருத்திவிட்டு எஞ்சின் பழுது என்று சொன்னவர்களை நாம் கண்டிருக்கிறோம். முனைகளிலும் உடலுக்குப் போகும் கம்பியிலும் பூத்த வெண்பூச்சைச் சுரண்டிச் சுத்தமாக்குங்கள். சூடேற்றும் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் தெளித்து இயக்கப் பார்க்காதீர்கள், வெடிக்கும்.

எஞ்சின் ஓடுகிறது, மின் மட்டும் வரவில்லையா? நெடுநாள் கிடந்ததால் இரும்பில் தங்கியிருந்த சிறு காந்தத்தன்மை அற்றுப்போயிருக்கலாம். சில வகைகளில் ஸ்ராட் சுவிட்சை வோல்ற்று மானி ஏறும்வரை பிடித்தாலே பற்றறி அக்காந்தத்தைத் திரும்ப ஊட்டும். இல்லாவிடின் கம்பி வழியறிந்த மின் தொழிலாளரிடம் விடுங்கள். திசை மாறினால் சீராக்கும் பகுதி எரியும்.

வாங்கமுன் பார்க்க வேண்டியது குறிப்புத் தகடு. அமெரிக்க இராணுவத்தின் எம்.ஈ.பி. 002ஏ 5 கிலோவாற்று, 003ஏ 10 கிலோவாற்று. பிந்திய 802ஏ, 803ஏ ஆகியவையும் அதே அளவுகள்தாம், அவற்றில் நமக்குப் பழக்கமான லிஸ்ரர் பீற்றர் எஞ்சின் உண்டு. ஆனால் இவை நிமிடத்துக்கு 1800 சுற்றில் 60 ஹேட்ஸ் மின் தருபவை. நமது நாட்டு மோட்டர்கள் 50 ஹேட்ஸுக்கானவை. 60 இல் இணைத்தால் மோட்டர் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுழலும். தண்ணீர்ப் பம்பின் சுமையோ ஏறத்தாழ 70 வீதம் கூடும். தண்ணீர் நன்றாகப் பாய்கிறது என்று மகிழ்ந்திருக்கையில் மோட்டர் கருகும். சுற்றைக் குறைத்து 50 ஆக்கும் வேலை எல்லா வகைக்கும் ஒத்துவராது, வலுவும் குறையும். குமிழ் விளக்குக்கு மட்டுமென்றால் 60 தொல்லையில்லை. தோட்டத்துக்கென்றால் 50 ஹேட்ஸ் இயந்திரத்தையே தேடுங்கள். பற்றுச்சீட்டும் கேட்டு வாங்குங்கள். முகாமாக இருந்த காணியில் கைவிடப்பட்ட எந்த இயந்திரத்தையும் தொடாதீர்கள். கண்ணிவெடி அகற்றுவோர் பார்க்கட்டும்.

அமெரிக்க இயந்திரங்கள் சிலவற்றின் பலகையில் மூடியிட்ட சுவிட்ச் ஒன்றிருக்கும். போர் நடக்கும்போது ஒயில் குறைந்தாலும் சூடேறினாலும் நிற்காமல் ஓடுவதற்கென வைத்தது அது. நமக்கு அது வேண்டாம். அதைப் போட்டு ஓட்டினால் எஞ்சின் இறுகும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் வடக்கில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய கெட்டித்தனம் நம்மவருடையது. டீசல் எஞ்சினில் அதைக் காட்ட வேண்டாம். அதன் பம்புக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய் அதைத் தேய்த்துவிடும்.

இயந்திரத்தை வீட்டுக்குள்ளோ யன்னலருகிலோ வைக்காதீர்கள். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, தூங்குகிறவர் எழும்பமாட்டார். கிணற்றிலிருந்தும் தள்ளி வையுங்கள். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை 2015 இல் நாடே பேசியது. நமது சுண்ணாம்புக் கல் ஒயிலைத் தடுக்காது. கழிவொயிலைக் கானில் சேருங்கள். மின்சார சபைக் கம்பி வந்தபின் ஜெனரேற்றரை வீட்டு வயரிங்கில் நேரே செருகக்கூடாது, மாற்றுச் சுவிட்ச் வேண்டும். இல்லாவிடின் கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளிக்கு மின் பாயும்.

நாம் சென்ற கிராமத்தில் ஓடும் மணித்தியாலத்தைக் கொப்பியில் எழுதும் பொறுப்பை ஒரு அக்கா ஏற்றிருக்கிறார். 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவதென்று முடிவு. இரவில் இரண்டு குமிழ் எரிக்க இதைப் போடுவதில்லை என்றும் தீர்மானித்தார்கள். சுமையின்றி ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத டீசல் புகைபோக்கியில் கரும்பிசினாகப் படியும். மாரியில் தோட்டத்துக்குத் தண்ணீர் தேவைப்படாத மாதங்களிலும் பம்பை இணைத்து மாதமொருமுறை ஒரு மணித்தியாலம் ஓட்டுவார்கள்.