முழங்காலுக்கு ஒரு காவல்

கால்பந்தாடும் சிறுமி ஒருத்தி பந்தைத் துரத்தி ஓடுகிறாள், சட்டென்று திரும்புகிறாள். எவரும் அவளை இடிக்கவில்லை. இருந்தும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்கிறாள். துடை எலும்பையும் கணைக்கால் எலும்பையும் உள்ளிருந்து பிணைக்கும் முன்சிலுவை நார் அறுந்துவிட்டது! அவள் மீண்டும் மைதானத்தை மிதிக்கப் பல மாதங்கள் செல்லும், ரணசிகிச்சையும் வேண்டியிருக்கலாம். பையன்களைவிடப் பெண்களுக்கே இவ்விபத்து அதிகமாக நேரிடுகிறது.

இதைத் தடுப்பதற்கென்று ஸ்வீடன் தேசத்தில் ஒரு பயிற்சிமுறை வகுத்தார்கள். ‘முழங்கால் கட்டுப்பாடு’ என்பது அதன் பெயர். சிறிது நேரம் மெல்ல ஓடியபின் ஆறு அப்பியாசங்கள்: ஒற்றைக் காலில் உட்கார்ந்தெழுதல், இரு காலிலும் உட்கார்ந்தெழுதல், படுத்தபடி இடுப்பை உயர்த்துதல், முழங்கைகளை ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல், குதித்துத் தரையில் நிலைத்தல். கால் மணி நேரந்தான். வாரத்திற்கு இரு முறை.

2009-ம் வருஷம், 12 முதல் 17 வயது வரையுள்ள 4,564 பெண்களிடையே இதைப் பரீட்சித்தார்கள். பயிற்சிக் குழுவிலிருந்த 2,479 பேரில் 7 பேருக்கு நார் அறுந்தது. மற்ற 2,085 பேரில் 14 பேருக்கு அறுந்தது. இதர வேற்றுமைகளையும் கணக்கிற்கொண்டு பார்த்தபோது, அபாயம் 64 சதவிகிதம் குறைந்திருந்தது.

ஆனால் பயிற்சிக் குழுவிலேயே எல்லோரும் ஒரே சிரத்தையுடன் இருக்கவில்லை. ஆட்டப் பருவம் நகர நகர ஊக்கம் தளர்ந்தது. தவறாமல் செய்தவர்களுக்கு, எப்போதாவது செய்தவர்களைவிட அபாயம் 88 சதவிகிதம் குறைவு என்று பின்னர் தெரியவந்தது.

எத்தனை நாள் செய்தார்கள் என்பதை ஏட்டில் குறித்துவிடலாம். எப்படிச் செய்தார்கள் என்பதைக் கண்ணால்தான் பார்க்கவேண்டும். உட்காரும்போது முழங்கால் பாத விரல்களுக்கு நேராக நிற்கவேண்டும். அது உட்புறமாகச் சாய்ந்தால், எந்த அசைவு நாரை அறுக்குமோ அந்த அசைவையே பழகினதாகிவிடும் அன்றோ? குதித்தால், முழங்கால் மடங்கி மெத்தென்று இறங்கவேண்டும். ‘தொம்’ என்ற சத்தம் கேட்டால் பயிற்சி சரியில்லை என்று அறியலாம். பேச்சும் சிரிப்புமாக இருபது தடவை செய்வதைவிட, ஆசிரியர் எதிரே நின்று திருத்த, ஐந்து தடவை ஒழுங்காகச் செய்வது மேல்.

பெற்றோர்கள் பெரிய வைத்திய சாஸ்திரம் கற்கவேண்டியதில்லை. “பயிற்சி செய்தாயா?” என்று கேட்பதோடு நில்லாமல், “எங்கே, செய்து காட்டு!” என்று சொல்லி, குழந்தையின் முழங்காலைச் சற்றே கவனித்தால் போதும்.