முட்டிக்கு வயது அறுபது – 8: பல்செட்டும் சிமென்ட்டும்

முழங்கால் மூட்டு மாற்று என்ற பெயரில் பாதிதான் உண்மை. மூட்டை யாரும் கழற்றி எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டுவதில்லை. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கணைக்கால் எலும்பின் மேல்முனையிலும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் சீவப்படுகிறது. சீவிய முனைகளுக்கு உலோக மூடி போடப்படுகிறது. சொத்தைப் பல்லைச் சுற்றிலும் ராவிவிட்டு கேப் மாட்டுவார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான். பல் உவமை தற்செயலாக வந்ததில்லை என்பது போகப் போகத் தெரியும்.

எக்ஸ்ரேயில் தேய்மானத்தின் நான்கு படிநிலைகளும், யாருக்கு ஆபரேஷன் அவசியம், யார் தள்ளிப்போடலாம் என்பதும் சென்ற இரு வாரங்களில் முடிந்துவிட்டன. தனியார் மருத்துவமனையில் அட்மிஷன் போடுவதில் தொடங்கி வீட்டு மாடிப்படி ஏறுவதுவரை இந்த வாரம் என்று அறிவிப்பு வந்திருந்தது. மாடிப்படி அடுத்த வாரத்துக்குப் போகிறது. காரணம், சிமென்ட்.

தேதி குறித்ததுமே முட்டியை விட்டுவிட்டு மற்ற உறுப்புகளின் மேல்தான் மருத்துவமனை கண்வைக்கும். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, சிறுநீரில் கிருமி, இதயத்துக்கு எக்கோ, ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரையை எப்போது நிறுத்துவது, எல்லாம் கேட்கப்படும். பல்லும் பார்க்கப்படும். ஈறில் சீழ் இருந்தால் அங்கிருந்து ரத்தத்தில் இறங்கும் கிருமி புது மூட்டில் போய்க் குடியேறலாம். உலோகத்தின் மேல் படிந்த கிருமியை மாத்திரையால் மட்டும் விரட்டுவது மிகக் கடினம். மூட்டையே திறந்து கழுவவோ கழற்றவோ வேண்டிவரும். முட்டிக்கு வந்தவரை ஏன் பல் டாக்டரிடம் அனுப்புகிறார்கள் என்று முணுமுணுக்கும் மகன்களுக்கு இதுவே பதில்.

அடுத்தது கவுண்ட்டர். ‘பேக்கேஜ்’ என்ற சொல் அங்கேதான் முதலில் காதில் விழுகிறது. இத்தனை நாள் அறை, டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம், மூட்டு எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்லப்படும். தொகைக்குள் எது வரும் என்பதைவிட எது வராது என்று கேட்டு எழுதி வாங்குவதே முக்கியம். கூடுதலாக ஒரு நாள் தங்கல், ஐசியூ, ரத்தம், வேறு துறை டாக்டரின் வருகை ஆகியவை பல இடங்களில் தனி. அறை ஏற ஏற டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறும். காப்பீட்டில் அறை வாடகைக்கு வரம்பு இருந்து, அதைத் தாண்டிய அறையை எடுத்தால், இந்தக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். ஆனால் மருந்து, நுகர்பொருள், உடலுக்குள் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் அந்த விகித வெட்டைப் போடக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் விதி வகுத்தது. டிஸ்சார்ஜ் நாளில் இதை நினைவில் வைத்திருப்பவர் குடும்பத்தில் ஒருவராவது வேண்டும்.

மறுநாள் காலை தியேட்டர். பெரும்பாலானோருக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். தூக்க மருந்து கொஞ்சம் சேர்ந்தாலும், பாதி விழிப்பில் இருப்பவருக்குச் சுத்தியல் ஓசை கேட்கும். தச்சுப்பட்டறைக்குள் படுத்திருந்ததுபோல் இருந்தது என்று திரும்பி வந்தவர்கள் சொல்வது மிகையில்லை. ரம்பம், துளைக்கருவி, அளவுச்சட்டம், சுத்தியல் எல்லாம் உண்டு. தொடையில் பட்டை கட்டிக் காற்றேற்றி ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்துவது பரவலான வழக்கம். முன்பக்கம் தோலைக் கீறி, முட்டிச்சில்லை ஓரமாகத் தள்ளி, அளவுச்சட்டத்தைப் பொருத்தி எலும்பைச் சீவுகிறார்கள். காலின் கோணம் நேராக வருகிறதா, மடக்கினாலும் நீட்டினாலும் இருபக்கத் தசைநார்களும் ஒரே இறுக்கத்தில் நிற்கின்றனவா என்று மாதிரி மூட்டை வைத்துப் பார்ப்பார்கள். அறுவையின் அசல் திறமை இந்தச் சில நிமிடங்களில்தான். ரோபோ இருக்கும் மருத்துவமனைகளில் கோணத்தைக் கணினி காட்டும். இறுக்கம் சரியா என்ற முடிவு டாக்டருடையது.

அளவு சரியானதும் உண்மையான மூட்டுப் பாகங்கள் உறையிலிருந்து வெளியே வருகின்றன. அப்போது செவிலியர் ஒரு கிண்ணத்தில் 40 கிராம் பொடியைக் கொட்டி, 20 மில்லி திரவத்தை ஊற்றிக் கலக்கத் தொடங்குவார். நெடி மூக்கைத் துளைக்கும். பல்செட் செய்யும் கூடத்துக்குள் போயிருப்பவர்களுக்கு அந்த நெடி பழக்கமானது. இரண்டும் ஒரே சரக்கு.

‘சிமென்ட்டா டாக்டர், வீடு கட்டுறதா?’ என்று கேட்காத நோயாளி குறைவு. வீட்டு சிமென்ட்டுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இதன் பெயர் பாலிமீத்தைல் மெத்தாக்ரிலேட். பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக் என்றும், பழைய விமானிகளிடையே பெர்ஸ்பெக்ஸ் என்றும் வழங்கும் பிளாஸ்டிக். 1930களின் இறுதியில் பல்செட்டுக்கு வந்தது. அதுவரை ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்துத்தான் பல்செட்டுக்கு ஈறு செய்தார்கள். ஈறின் இளஞ்சிவப்பை இயல்பாகக் காட்டியதால் அக்ரிலிக் சில ஆண்டுகளில் ரப்பரை ஓரங்கட்டியது.

பல்லிலிருந்து எலும்புக்கு இதைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சான்லி. 1950களில் இடுப்பு மூட்டுக்கு உலோகத் தண்டைச் செருகிப் பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே தொல்லை: தண்டு கொஞ்ச நாளில் ஆடத் தொடங்கும், வலி திரும்பும். மான்செஸ்டரில் பல்மருத்துவப் பொருள்களை ஆராய்ந்துவந்த டென்னிஸ் ஸ்மித்திடம் சான்லி யோசனை கேட்டார். குளிரிலேயே இறுகும் பல்செட் அக்ரிலிக்கை எலும்புக்குள் அழுத்திப் பாருங்கள் என்பது ஸ்மித் காட்டிய வழி. 1958இல் சான்லி அதைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1960இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இந்தச் சிமென்ட் பசையே இல்லை. எதையும் எதோடும் ஒட்டாது. சீவிய எலும்பின் முகம் தேன்கூடுபோல் துளைகளால் ஆனது. மாவுப் பதத்தில் அழுத்தும்போது சிமென்ட் அந்தத் துளைகளுக்குள் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கிறது. மூட்டின் மேல் விழும் எடை ஒரே புள்ளியில் குத்தாமல் பரப்பு முழுதும் பரவுகிறது. அம்மியைத் தரையில் பதிக்கும்போது அடியில் இடும் கலவைக்கு உள்ள வேலைதான் இது. சிமென்ட் போடுமுன் எலும்பைப் பீய்ச்சிக் கழுவித் துடைப்பதும் இதற்காகவே. துளையில் ரத்தமும் கொழுப்பும் நின்றால் பிடிப்பு இராது.

கலக்கிய சில நிமிடங்களில் பதம் வரும். கையுறையில் ஒட்டாமல் வந்தால் பதம் ஆயிற்று. சப்பாத்தி மாவு பிசையும் எவரும் இந்தச் சோதனையைச் சொல்லித்தரலாம். அதன்பின் நேரம் யாருக்கும் காத்திராது. பாகங்களைப் பொருத்தி, சுத்தியலால் தட்டி, வழிந்ததை வழித்தெடுத்து, காலை நீட்டி அசையாமல் பிடிக்க வேண்டும். இறுகும்போது சூடு கிளம்பும்; ஆய்வகத்தில் கட்டியாக வைத்து அளந்தால் 70 பாகை செல்சியசைத் தாண்டும். உடலுக்குள் படலம் மெல்லியது, உலோகமும் எலும்பும் சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால் அவ்வளவு ஏறுவதில்லை. எஞ்சிய உருண்டை ஒன்று தட்டில் கிடக்கும். உள்ளே இறுகிவிட்டதா என்பதை அந்த உருண்டையைத் தட்டிப் பார்த்தே சொல்வார்கள். மயக்க மருந்து நிபுணருக்கும் முன்கூட்டியே குரல் கொடுக்கப்படும்; சிமென்ட் போடும் வேளையில் சிலருக்கு ரத்த அழுத்தம் சரியும்.

எலும்பில் கலவை இட்டுப் பதிக்கும் எண்ணம் சான்லிக்கு முந்தியது. பெர்லினில் 1890இல் தெமிஸ்டோக்லஸ் குளுக் என்ற மருத்துவர், காசநோய் அரித்த முழங்காலுக்குத் தந்தத்தில் கடைந்த கீல் மூட்டைப் பொருத்தினார். அதை நிறுத்த அவர் இட்ட கலவை: குங்கிலியம்போன்ற மரப்பிசின், நுரைக்கல் பொடி, ஜிப்சம் மாவு. யோசனையில் குறையில்லை. ஆனால் மூட்டுக்குள் ஏற்கெனவே கிருமி இருந்தது. அதனால் அவர் பொருத்தியவை சீழ்பிடித்துத் தோற்றன. கிருமிக்கு ஒரு வழி பின்னர் ஹாம்பர்க்கில் பிறந்தது. ஜென்டமைசின் மருந்தைச் சிமென்ட் பொடியிலேயே கலந்தால் அது மெல்ல மெல்லக் கசிந்து அந்த இடத்தைக் காக்கும் என்று அங்கிருந்த மருத்துவர் புக்ஹோல்ஸ் 1970இல் எழுதினார். பல்செட் சரக்கு அன்றிலிருந்து மருந்துப் பெட்டியாகவும் ஆனது.

இதே அக்ரிலிக் வேறொரு வழியாகவும் உடலுக்குள் நுழைந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மேல்மூடி உடைந்து பிரிட்டிஷ் விமானிகளின் கண்ணில் பெர்ஸ்பெக்ஸ் துணுக்குகள் தைத்தன. கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைக் கவனித்த கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அந்தப் பிளாஸ்டிக்கால் கண் லென்ஸ் பொருத்தினார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான பின், 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் தொடங்கப்பட்டு, இதே சரக்கில் லென்ஸ் செய்து விலையை அடிமட்டத்துக்கு இறக்கியது. ஆக, புரை எடுத்து, பல் கட்டி, முட்டியும் மாற்றிக்கொண்ட ஓர் ஆச்சியின் கண்ணிலும் வாயிலும் காலிலும் ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக் இருக்கக்கூடும். அவர் வீட்டு மளிகைக் கடையின் பெயர்ப்பலகையும் அதுவேயாக இருக்கலாம்.

இரு உலோக மூடிகளுக்கும் இடையே வழுக்க இடம்தரும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டின் கதையும் இதற்குக் குறைந்ததில்லை. முதலில் சான்லி டெஃப்லானை நம்பினார். அது விரைவில் தேய்ந்து, தேய்ந்த துகள்கள் திசுவைப் புண்ணாக்கின. குற்றம் டெஃப்லானுடையதுதானா என்றறியத் தம் தொடையிலேயே அதைச் செலுத்திப் பார்த்துக்கொண்டார், வீங்கியது. 1962இல், லங்காஷயர் நெசவுத்தறிகளுக்குப் பற்சக்கரம் விற்கவந்த ஒருவர் புதுப் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைச் சான்லியின் பட்டறை உதவியாளர் ஹாரி கிரேவனிடம் காட்டினார். சான்லி கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஆகாது என்று போய்விட்டார். கிரேவன் விடவில்லை, தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். வாரக்கணக்கில் ஓடியும் அது பெரிதாகத் தேயவில்லை. இன்றும் முட்டிக்குள் இருப்பது அந்தப் பிளாஸ்டிக்கின் மேம்பட்ட வகைதான். சான்லியிடம் பணிபுரிந்த கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன் 1968இல் உலோகம், பாலிஎத்திலீன், சிமென்ட் மூன்றையும் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரானவத், பொறியாளர் பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய வடிவமே இப்போதைய மூட்டுகளின் முன்னோடி. மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் பிரதமர் வாஜ்பாயின் இடது முட்டியை 2000 அக்டோபரிலும் வலது முட்டியை 2001 ஜூனிலும் மாற்றியவர் அதே ரானவத். இந்த அறுவையின் பெயரை இந்திய வீடுகளுக்குள் கொண்டுசேர்த்ததில் அந்த இரு முட்டிகளின் பங்கு பெரிது.

தியேட்டரில் எஞ்சியவை சுருக்கம்: பட்டையைத் தளர்த்தி, ரத்தக்கசிவை நிறுத்தி, அடுக்கடுக்காகத் தைக்கிறார்கள். மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை மணிநேரம்.

மருத்துவமனைக் கோப்பில் அன்றே சில சிறு ஸ்டிக்கர்கள் ஏறுகின்றன. ஒவ்வொரு பாகத்தின் தயாரிப்பாளர், அளவு, தொகுதி எண் அதில் இருக்கும். பில்லைச் சரிபார்க்க இதைவிட நல்ல சான்று இல்லை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விதித்தது. சராசரியாக 1,58,324 ரூபாய் அச்சிடப்பட்டிருந்த கோபால்ட்-குரோமிய மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அது நான்கு பாகங்களின் கூட்டுத்தொகை: தொடை எலும்பு மூடி 24,090, கணைக்கால் தட்டு 16,990, இடைப் பிளாஸ்டிக் 9,550, முட்டிச்சில்லுக்கான பட்டன் 4,090. எல்லா டாக்டர்களும் எல்லோருக்கும் சில்லுக்குப் பட்டன் போடுவதில்லை. போடாதபோது நான்காவது தொகை பில்லில் இருக்கக் கூடாது. கோப்பில் அதன் ஸ்டிக்கரும் இராது. இந்த நான்கில் சிமென்ட் சேரவில்லை. அது நுகர்பொருள் பட்டியலில், கையுறைக்கும் தையல் நூலுக்கும் அருகே ஒரு வரியாக வரும்.

வார்டுக்கு வந்ததும் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்வார்கள். கெண்டைக்கால் சிரையில் ரத்தம் கட்டாமலிருக்க அது முதல் காவல். சிமென்ட் தியேட்டரிலேயே இறுகிவிட்டதால், எலும்பு கூடட்டும் என்று படுத்துக்கிடக்க வேண்டியதில்லை. அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரைப் பிடித்து நிற்கவைப்பதும் அதனால்தான். பிசியோ பயிற்சிகள், 90 பாகை மடக்கும் போராட்டம், வீட்டுக் கழிப்பறையில் செய்யவேண்டிய மாற்றம், தள்ளிப்போன மாடிப்படி எல்லாம் அடுத்த வாரம்.