பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நிலவுடைமைத் தம்பதியரின் குடும்ப வரலாற்றைத் தேடுதல்: ஆண்ட்ரூஸ் – கார்ட்டர் இணையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ 1750ஆம் ஆண்டளவில் வரைந்த ‘திரு ஆண்ட்ரூஸும் திருமதி ஆண்ட்ரூஸும்’ என்னும் ஓவியம் ஆங்கில நிலவுடைமை வாழ்வின் அடையாளமாகக் கருதப்படுவது. அதில் இடம்பெறும் இராபர்ட் ஆண்ட்ரூஸ், பிரான்சிஸ் மேரி கார்ட்டர் ஆகிய இருவரின் குடும்ப வரலாற்றை எவ்வகை ஆவணங்களின் துணைகொண்டு மீட்டெடுக்கலாம் என்பதையும், அவ்வாவணங்கள் எங்கே பேசுகின்றன, எங்கே மௌனம் காக்கின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: குடும்ப வரலாறு, திருச்சபைப் பதிவேடு, திருமண உடன்படிக்கை, விருப்ப ஆவணம், நிலவுடைமை, கெய்ன்ஸ்பரோ.

முன்னுரை

குடும்ப வரலாறு என்பது பெயர்களை மரக்கிளைகளைப் போல வரிசைப்படுத்தும் செயல் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் கைக்கு நிலம் எவ்வாறு வந்தது, எவ்வாறு அடுத்த தலைமுறைக்குச் சென்றது, அதில் பெண்ணுக்கு எத்தகைய இடம் இருந்தது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே அதன் முதன்மை நோக்கமாகும். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்கு விடை தரும் ஆவணங்கள் ஏராளமாக எஞ்சியுள்ளன. எனினும் அவை வெவ்வேறு நோக்கங்களுக்காக, வெவ்வேறு அமைப்புகளால் எழுதப்பட்டவை. திருச்சபை ஆன்மாக்களைக் கணக்கிட்டது. அரசு வரியைக் கணக்கிட்டது. வழக்கறிஞர் சொத்தைக் கணக்கிட்டார். குடும்பத்தைக் கணக்கிட்டவர் எவருமிலர். எனவே ஆய்வாளரே இவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டியுள்ளது.

தொடக்கப் புள்ளியாக ஓர் ஓவியம்

இராபர்ட் ஆண்ட்ரூஸ் 1725இல் பிறந்து 1806இல் மறைந்தவர். பிரான்சிஸ் மேரி கார்ட்டர் 1732ஆம் ஆண்டளவில் பிறந்து 1780இல் மறைந்தவர். இருவரும் 1748 நவம்பர் 10 அன்று சஃபோக் மாவட்டத்தின் சட்பரி நகரில் உள்ள அனைத்துப் புனிதர் ஆலயத்தில் மணம்புரிந்தனர். மணமகளுக்கு அப்போது ஏறத்தாழப் பதினாறு வயது. எசெக்ஸ் மாவட்டத்தின் புல்மர் ஊரில் இருந்த ‘ஆபரீஸ்’ என்னும் பண்ணை இவர்களது உடைமை. ஏறத்தாழ 70 செ.மீ. உயரமும் 119 செ.மீ. அகலமும் கொண்ட ஓவியத்தில் இடப்பாதியில் தம்பதியரும், வலப்பாதியில் அவர்தம் நிலமும் இடம்பெற்றுள்ளன.

ஓவியத்தையே ஓர் ஆவணமாக வாசிக்க இயலும். இராபர்ட்டின் கையணைப்பில் உள்ள துப்பாக்கி வெறும் பொழுதுபோக்குக் கருவியன்று. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் தரும் முழு உரிமை நிலமோ, 150 பவுண்டு வருவாய் தரும் நெடுங்காலக் குத்தகை நிலமோ உடையவரே பொதுவாக வேட்டையாடும் தகுதி பெற்றனர். ஆகவே துப்பாக்கி ஒரு வருவாய்ச் சான்றாகவே நிற்கிறது. அறுவடைக் கதிர்க்கட்டுகளுக்கு அருகே நேர்கோட்டில் அமைந்த தாள்கள், விதைகளைக் கையால் தூவாமல் விதைப்புக் கருவியால் வரிசையாக இட்டமையைக் காட்டுகின்றன. ஆட்டுமந்தை வேலியடைத்த நிலத்தில் மேய்கிறது. இவை புதிய வேளாண் முறைகளில் நாட்டம் கொண்ட உடைமையாளரைச் சுட்டுகின்றன. மரங்களினூடே தொலைவில் தெரியும் கோபுரத்தை அவர்கள் மணம்புரிந்த ஆலயத்தின் கோபுரமாக ஆய்வாளர் அடையாளம் காண்கின்றனர்.

திருச்சபைப் பதிவேடுகள்

இங்கிலாந்தின் ஒவ்வோர் ஊர்த் திருச்சபையும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். 1598 முதல் அப்பதிவுகளின் படிகள் ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பப்பட்டன. மூலப் பதிவேடு சிதைந்த இடத்தில் ஆயருக்குச் சென்ற படி உதவும். அரசின் குடிமைப் பதிவு 1837 ஜூலை 1இல்தான் தொடங்கியது. ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டினருக்குத் திருச்சபைப் பதிவேடே முதற்சான்றாகும்.

இவற்றைப் பயன்படுத்துவோர் மூன்று செய்திகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, பதிவேட்டில் உள்ளது திருமுழுக்கு நாளே. பிறந்த நாள் பல பதிவுகளில் இல்லை. இரண்டாவது, நாட்காட்டி மாற்றம். 1751 வரை இங்கிலாந்தின் சட்ட ஆண்டு மார்ச் 25இல் தொடங்கியது. ஆதலின் பதிவேட்டில் ‘1731 பிப்ரவரி’ என்றிருப்பது இக்காலக் கணக்கில் 1732 பிப்ரவரியாகும். 1752இல் செப்டம்பர் 2ஆம் நாளுக்கு மறுநாள் செப்டம்பர் 14 எனக் கொள்ளப்பட்டது. இதனைக் கவனியாதோர் ஓராண்டுப் பிழையைத் தலைமுறைதோறும் சுமந்து செல்வர்.

மூன்றாவது, திருமணப் பதிவின் வடிவம். ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் 1753இல் இயற்றப்பட்டு 1754 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரே மணமக்களும் சாட்சிகளும் பதிவேட்டில் கையொப்பமிடுவது கட்டாயமாயிற்று. ஆண்ட்ரூஸ் – கார்ட்டர் திருமணம் அதற்கு ஆறாண்டு முற்பட்டது. அக்காலப் பதிவுகள் பெயர், நாள், சிற்சில இடங்களில் ஊர் என்ற அளவில் நின்றுவிடுபவை. மணமக்களின் பெற்றோர் யாவர் என்பதைப் பதிவேடு கூறவேண்டிய தேவை இல்லை. அதனை வேறு ஆவணங்களிலிருந்தே நிறுவ வேண்டும்.

ஒரே பெயர், இரு மாவட்டங்கள்

இக்குடும்பத்தை ஆராய்வோர் எதிர்கொள்ளும் முதல் தடை பெயரே. இராபர்ட்டின் தந்தையின் பெயரும் இராபர்ட் ஆண்ட்ரூஸ். பிரான்சிஸின் தாயின் பெயரும் பிரான்சிஸ். பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு ஒருவரை அடையாளம் காண்பது பெரும்பிழைக்கு இடந்தரும். பெயரோடு ஊர், தொழில், வாழ்க்கைத்துணை, சொத்து ஆகியவற்றுள் குறைந்தது இரண்டேனும் பொருந்தினாலன்றி இருவேறு ஆவணங்களில் வரும் ஒரு பெயரை ஒரே மனிதராகக் கொள்ளலாகாது.

அடுத்த தடை எல்லை. ஸ்டூர் ஆறு சஃபோக்கையும் எசெக்ஸையும் பிரிக்கிறது. சட்பரி சஃபோக் பக்கம். புல்மர் எசெக்ஸ் பக்கம். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு நடந்து செல்லும் அளவே. ஆயினும் அக்காலத்தில் எசெக்ஸ் இலண்டன் ஆயரின் ஆளுகையிலும், சஃபோக் நார்விச் ஆயரின் ஆளுகையிலும் இருந்தன. ஆகவே ஒரே குடும்பத்தின் திருமணம் ஓர் ஆவணக் காப்பகத்திலும், திருமுழுக்கும் அடக்கமும் மற்றொன்றிலும் கிடைக்கும். ஒரு மாவட்டத்தோடு தேடலை நிறுத்துவோர் குடும்பத்தின் பாதியை மட்டுமே காண்பர்.

விருப்ப ஆவணங்கள்

1858 வரை விருப்ப ஆவணங்களை மெய்ப்பிக்கும் அதிகாரம் திருச்சபை நீதிமன்றங்களிடம் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆயர்களின் ஆளுகையில் குறிப்பிடத்தக்க அசையும் சொத்து வைத்திருந்தோரின் ஆவணங்கள், தென் இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயரின் தனியுரிமை நீதிமன்றத்துக்குச் சென்றன. ஆற்றின் இருகரையிலும் உறவும் உடைமையும் கொண்ட குடும்பங்களுக்கு இந்நீதிமன்றப் பதிவுகளே முதலில் பார்க்க வேண்டியவை. இவை இப்போது கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1796 முதல் விதிக்கப்பட்ட மரபுரிமைத் தீர்வையின் பதிவேடுகளும் உறவுமுறைகளை அறிய உதவுகின்றன. 1806இல் மறைந்த இராபர்ட்டின் தலைமுறைக்கு இவையும் தேடத்தக்கவை.

விருப்ப ஆவணத்தில் ஒரு மகன் பெயர் இல்லையென்றால் அவன் புறக்கணிக்கப்பட்டான் என்று முடிவுகட்டுதல் தவறு. முதல் மகனுக்குரிய நிலம் பெரும்பாலும் திருமணத்தின்போதே எழுதிவைக்கப்பட்டிருக்கும். அதை மீண்டும் எழுத வேண்டியதில்லை.

திருமண உடன்படிக்கையும் நிலத்தின் வழியும்

நிலவுடைமைக் குடும்பங்களின் உண்மையான வரலாறு திருமண உடன்படிக்கைகளிலேயே பொதிந்துள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருப்பெற்ற கண்டிப்பான குடும்ப ஏற்பாட்டின்படி, கணவன் தன் வாழ்நாள்வரை நிலத்தை அனுபவிக்கலாம், விற்றல் இயலாது. நிலம் இன்னும் பிறவாத மூத்த மகனுக்கு உரியதாக முன்கூட்டியே வரையறுக்கப்படும். இளைய பிள்ளைகளுக்குப் பங்குத்தொகையும், கணவனை இழக்கும் மனைவிக்கு ஆண்டுத்தொகையும் ஒதுக்கப்படும். மணமகள் கொண்டுவரும் சீர்ப்பணத்தின் அளவும் அதில் இடம்பெறும். நிலத்தைக் காகிதத்தில் ‘பெற்றிருப்பவர்’ ஒருவேளை அறங்காவலராக இருக்கலாம். உண்மையில் வாழ்ந்தவர் வேறொருவராக இருக்கலாம். இந்த வேறுபாட்டை உணராமல் உரிமை ஆவணங்களை வாசித்தல் கூடாது.

நிலம் யார் கையில் இருந்தது என்பதைச் சரிபார்க்க நிலவரிப் பட்டியல்கள் துணைபுரிகின்றன. இவ்வரி 1692 முதல் விதிக்கப்பட்டது. எனினும் மாவட்ட வாக்குரிமைக்குச் சான்றாகப் பயன்பட்டமையால் 1780 முதல் 1832 வரையிலான பட்டியல்களே பேரளவில் எஞ்சியுள்ளன. இவை உடைமையாளரையும் நிலத்தில் இருப்பவரையும் தனித்தனியே காட்டுவன. 1872இல் மறைவு வாக்கெடுப்பு வரும்வரை வெளியான வாக்காளர் ஏடுகளையும் இவற்றோடு ஒப்பிடலாம். மனோர் நீதிமன்றப் பதிவுகள் 1733 வரை இலத்தீனில் எழுதப்பட்டவை. அதன்பின் ஆங்கிலத்துக்கு மாறின.

பணத்தின் பாதை

இவ்வகைத் தேடலின் பயன் யாது? ஓவியம் காட்டுவது மாறாத, தொன்மையான நிலவுடைமை. தம்பதியர் காலங்காலமாக அம்மரத்தடியிலேயே வாழ்ந்தவர்போலத் தோன்றுகின்றனர். குடும்ப வரலாறு காட்டுவது வேறு. இராபர்ட்டின் தந்தை கடன் கொடுத்துப் பொருளீட்டியவர் என்றும், அவரிடம் கடன் பெற்றோருள் வேல்ஸ் இளவரசர் ஃபிரெடரிக்கும் ஒருவர் என்றும் கலை வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். பிரான்சிஸின் தந்தை வில்லியம் கார்ட்டரின் செல்வம் துணி வாணிகத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறது. சட்பரி வட்டாரம் நெசவுக்குப் பெயர்பெற்றது. கெய்ன்ஸ்பரோவின் தந்தையும் துணி வாணிகத்தில் ஈடுபட்டு நொடித்தவரே. பிரான்சிஸின் தாய் ஜாமினோ என்னும் குடும்பப் பெயர் கொண்டவர். கார்ட்டர் தம்பதியரையும் கெய்ன்ஸ்பரோவே வரைந்துள்ளார். அவ்வோவியம் இலண்டன் டேட் காட்சியகத்தில் உள்ளது.

ஆக, கடனும் துணியும் ஈட்டிய செல்வம் ஒரு திருமணத்தின் வழியாக நிலவுடைமை மதிப்பாக உருமாறியதையே ஓவியம் பதிவுசெய்கிறது. ஜான் பெர்ஜர் 1972இல் இத்தம்பதியரை உடைமைப் பெருமிதம் கொண்டோராக வாசித்தபோது, இயற்கை இன்பத்தையே ஓவியத்தின் மையமாகக் கொண்டோர் மறுத்தனர். இவ்விவாதத்தைச் சுவையுணர்வு மட்டுமே தீர்க்க இயலாது. நிலம் எப்போது, எதனால் வந்தது என்னும் ஆவணச் சான்று உடைமை வாசிப்புக்கு வலுச்சேர்க்கிறது. அதே வேளையில், உழவில் உண்மையான ஈடுபாடு கொண்டவர் என்னும் பார்வையை அது மறுத்துவிடவும் இல்லை.

மௌனமாகும் மனைவி

திருமணத்துக்குப் பின் ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் கண்களில் மனைவியின் சட்ட இருப்பு கணவனுடையதில் அடங்கிவிடும். அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்யவோ, கணவனின் இசைவின்றி விருப்ப ஆவணம் எழுதவோ பொதுவாக இயலாது. கணவன் உயிருடன் இருக்கையில் மறையும் மனைவி பெரும்பாலும் எவ்வித விருப்ப ஆவணமும் விட்டுச்செல்வதில்லை. பிரான்சிஸ் 1780இல் மறைந்தபோது இராபர்ட் வாழ்ந்துகொண்டிருந்தார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்றவராக அறியப்படும் அவர், பதிவேடுகளில் திருமணத்தில் ஒருமுறையும், பிள்ளைகளின் திருமுழுக்கில் தாயாகவும், அடக்கத்தில் ஒருமுறையுமே தோன்றக்கூடியவர். ஓவியத்தில் அவரது மடிப்பகுதி வரையப்படாமலே விடப்பட்டுள்ளது. அங்கு என்ன இருந்திருக்க வேண்டும் என்பது குறித்துப் பல ஊகங்கள் உண்டு, எதற்கும் சான்றில்லை.

இந்த மௌனத்தை ஊகத்தால் நிரப்புதல் ஆய்வாகாது. அவர் பிறந்த குடும்பத்தின் ஆவணங்களிலிருந்து அணுகுதலே தக்க வழி. தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோரின் விருப்ப ஆவணங்களும், திருமண உடன்படிக்கையில் அவருக்கென ஒதுக்கப்பட்ட தொகையும், சொத்து வழக்கெழுந்தால் சான்சரி நீதிமன்ற மனுக்களும் மணமான பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கும் இடங்களாகும். ஆண்வழியை மட்டும் பின்தொடரும் குடிவழிப் பட்டியல் ‘கார்ட்டர்’ என்னும் பெயரை 1748லேயே இழந்துவிடுகிறது. அதனோடு நிலத்துக்கு வந்த செல்வத்தின் ஒரு பாதியையும் இழக்கிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. திருச்சபைப் பதிவேடு காலத்தையும், விருப்ப ஆவணம் உறவையும், திருமண உடன்படிக்கை உடைமையையும், நிலவரிப் பட்டியல் அனுபவத்தையும் காட்டுகின்றன. இவற்றுள் எதுவும் தனித்து முழுமையானதன்று. பெயர் ஒற்றுமை, மாவட்ட எல்லை, நாட்காட்டி மாற்றம் ஆகிய மூன்றும் பிழைக்கு இடமளிப்பவை. மனைவியின் வழியைத் தனியே தேடாத குடும்ப வரலாறு நிலத்தின் வரலாற்றையும் விளக்க இயலாது.

ஆண்ட்ரூஸ் குடும்பத்தார் ஏறத்தாழ இருநூறாண்டுகள் காத்த இவ்வோவியம், 1927இல் இப்ஸ்விச் கண்காட்சியில் வைக்கப்பட்ட பின்னரே பரவலாக அறியப்பட்டது. 1960இல் இலண்டன் தேசியக் காட்சியகம் 1,30,000 பவுண்டுக்கு அதனை வாங்கியது. குடும்பம் விற்ற ஓவியம் பொதுச் சொத்தாயிற்று. அதற்குப் பின்னுள்ள குடும்பமோ இன்றும் பல காப்பகங்களில் சிதறிக் கிடக்கும் தாள்களிலிருந்தே மீட்டெடுக்கப்பட வேண்டியதாக உள்ளது.