வலி குறைந்தால் நரம்பு தேறிவிட்டதா?

நடவு நடுபவர்கள், மீன் ஆய்பவர்கள், தையல்காரர்கள், பரோட்டாவுக்கு மாவு பிசைபவர்கள் என்று நாகூர்ப் பக்கம் கையை நம்பிப் பிழைப்பவர்கள் பலர். ராத்திரியில் கை மதமதத்து விழிப்புத் தட்டுவதும், உதறினால் சற்றுத் தணிவதும் இவர்களில் சிலருக்குப் பழகிப்போன தொல்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்து, சுண்டு விரல் மட்டும் தப்பினால், மருத்துவர் ‘கார்பல் டனல்’ கோளாறைச் சந்தேகிப்பார்.

மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின் மேலே கிடக்கும் கெட்டியான தசைநாருக்கும் நடுவே ஒரு குறுகிய வழி. அதில் ஒன்பது தசைநாண்களோடு மீடியன் நரம்பும் போகிறது. வழி நெருக்கினால் அடிபடுவது இந்த நரம்பு. கைக்குப் பலம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை ஒரு காரணம். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம், உடல் பருமன் ஆகியவையும் காரணமாகலாம். பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

எதை அளக்கிறார்கள்?

தோலின்மேல் சிறு மின் துடிப்பு கொடுத்து, அது நரம்பு வழியே போய்ச் சேரும் நேரத்தை மில்லி விநாடியில் கணக்கிடுவதே நரம்புக் கடத்தல் சோதனை. சுருக்கென்று இருக்கும். நரம்பின் மேலுறை நசுங்கியிருந்தால் செய்தி தாமதமாகும்; உள்ளிழைகளே அழிந்திருந்தால் திரையில் அலையின் உயரம் குறையும். தாமதம் பெரும்பாலும் சரியாகும். அழிந்த இழை எளிதில் மீளாது.

கை குளிர்ந்திருந்தால் நல்ல நரம்பும் மந்தமாகக் காட்டும். அதனால் கையைச் சூடாக்கிக்கொண்டு அளப்பார்கள். சர்க்கரை நோயாளிக்கு எல்லா நரம்புகளுமே மந்தமாக இருக்கலாம் என்பதால், பக்கத்து அல்நார் நரம்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம்.

0 முதல் 6 வரை

இங்கிலாந்து மருத்துவர் ஜெரமி பிளேண்ட் 2000-இல் வெளியிட்ட அளவுகோலில் 0 என்றால் இயல்பு. நுட்பமான ஒப்பீட்டில் மட்டும் குறை தெரிந்தால் தரம் 1. உணர்வுச் செய்தி மட்டும் மந்தமானால் 2. மணிக்கட்டிலிருந்து கட்டை விரல் தசைக்குச் செய்தி போக 4.5 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் 3. உணர்வலை மறைந்துவிட்டால் 4. தசைக்கான நேரம் 6.5-ஐத் தாண்டினால் 5. தசையின் அலையும் ஏறக்குறைய இல்லாமல் போனால் 6.

இந்த எண் வலியின் அளவைச் சொல்வதில்லை. இரவெல்லாம் துடிப்பவருக்குத் தரம் 2 இருக்கலாம். வலியே பெரிதாக இல்லாத முதியவருக்குக் கட்டை விரலடிச் சதை வற்றி, தரம் 5 இருக்கலாம். வலி குறைந்தும் மதமதப்பு நாள் முழுக்க நிலைத்து, சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறினால், அது குணமல்ல. நரம்பு மேலும் கெடுகிறது.

இலேசான நிலையில் இரவில் மணிக்கட்டுப் பட்டை, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு ஊசி. முற்றினால் தசைநாரை வெட்டி இடம் விடும் அறுவை சிகிச்சை. நடுத்தரங்களில் அதற்குப் பலன் அதிகம். கடைசித் தரங்களில் உணர்வு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

சோதனை இயல்பாக வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கழுத்து எலும்புத் தேய்மானமும் தொழுநோயும்கூடக் கையை மரக்கவைக்கும். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரத்தூரில் 2022-இல் திறந்த நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் இந்தச் சோதனை எப்போது செய்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த முறை நரம்பு தேறியதா, தேய்ந்ததா என்று ஒப்பிட அதுதான் வேண்டும்.