‘வான்னாக்ரை’ கணினிப் புழு: நம் கணினிகளைப் பாதுகாப்பது எப்படி?



2017 மே 12, வெள்ளிக்கிழமை பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியானது. நம் பிள்ளைகளின் மதிப்பெண்களை நாம் கணினியிலும் செல்போனிலும் பார்த்துக்கொண்டிருந்த அதே நாளில்தான் ‘வான்னாக்ரை’ என்ற கணினிப் புழு உலகெங்கும் பரவத் தொடங்கியது. இரண்டு மூன்று நாட்களுக்குள் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகள் அதன் பிடியில் சிக்கின. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள ரெனால்ட்–நிஸ்ஸான் கார் தொழிற்சாலை பாதிக்கப்பட்டது. ஆந்திராவில் காவல்துறைக் கணினிகளும், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் முடங்கின.

வாட்ஸ்அப்பில் இதைப் பற்றிப் பல செய்திகள் சுற்றின. அவற்றைக் கேட்டுப் பயப்படுவதை விட, விஷயம் என்ன என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சாதாரண வைரஸ் நம்மில் ஒருவர் ஏதேனும் ஒரு ஃபைலைத் திறந்தால்தான் உள்ளே வரும். புழு அப்படி அல்ல. யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. ஒரு கணினிக்குள் நுழைந்ததும், அதே நெட்வொர்க்கிலும் இணையத்திலும் எந்தக் கணினியின் கதவு திறந்திருக்கிறது என்று அதுவே தேடிப் போகும். தீப்பெட்டி ஆபீஸ்களில் மருந்து அறையை ஏன் மற்ற அறைகளிலிருந்து தள்ளி வைக்கிறார்கள் என்பது நம் ஊராருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒயரில் இணைந்த பத்துக் கணினிகளில் ஒன்று பலவீனமாக இருந்தாலும், அது மற்ற ஒன்பதையும் சோதித்துப் பார்த்துவிடும்.

உள்ளே வந்த புழு நம் படங்கள், கணக்குகள், ஆவணங்கள் எல்லாவற்றையும் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிவிடுகிறது. பிறகு சிவப்பு நிறத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது. 300 டாலர், அதாவது 2017 மதிப்பில் சுமார் 19 ஆயிரம் ரூபாயை, ‘பிட்காயின்’ என்ற இணையப் பணமாகக் கட்ட வேண்டும். மூன்று நாள் தாண்டினால் இரட்டிப்பு என்று மிரட்டுகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தப் புழு நுழைந்த ஓட்டை விண்டோஸில் ஃபைல்களைப் பகிரும் பகுதியில் இருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. புழு வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. அந்த அப்டேட்டைப் போட்டிருந்த கணினிக்குள் இந்தப் புழுவால் அந்த வழியாக நுழைய முடியவில்லை. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை அப்டேட் செய்யப்படாத விண்டோஸ் 7 கணினிகள்.

பிரிட்டனைச் சேர்ந்த மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், புழு தேடிப் பார்க்கும் ஓர் இணைய முகவரியைச் சுமார் 10 டாலர் செலவில் பதிவு செய்தார். அதனால் முதல் அலை அடங்கியது. ஆனால் ஓட்டை அடைபடாத கணினி இன்னும் ஓட்டையுடன்தான் இருக்கிறது. வேறு வடிவில் இன்னொரு புழு வந்தால் அதே வழியில் நுழையும்.

நமக்கு என்ன ஆபத்து என்று சிலர் கேட்கலாம். கமிஷன் கடையின் பாக்கிக் கணக்கு, பிள்ளையின் சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், காலமான பெற்றோரின் புகைப்படம் எல்லாம் இன்று கணினியில்தான் இருக்கின்றன. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் வாரங்களில் ஒரு ஃபைல் காணாமல் போனால் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் போய்விடும். ஜமாஅத்துகளிலும் டிரஸ்டுகளிலும் நிக்காஹ் பதிவுகள், ஜகாத் பெறும் குடும்பங்களின் பட்டியல், விதவைச் சகோதரிகளின் விவரம் என்று பிறர் நம்மை நம்பிக் கொடுத்தவை இருக்கின்றன. அவை அமானிதம். அவற்றைக் காப்பது நம் விருப்பத்தைப் பொறுத்தது அல்ல, கடமை.

செய்ய வேண்டியவை இவை:

1. விண்டோஸ் அப்டேட்டை இன்றே போடுங்கள். விண்டோஸ் 7-க்கு 2020 வரை கண்ட்ரோல் பேனலில் உள்ள ‘விண்டோஸ் அப்டேட்’ வழியாகப் பாதுகாப்பு அப்டேட் கிடைத்து வந்தது. விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் பாருங்கள். தானாக அப்டேட் ஆகும்படி வைத்துவிடுங்கள்.

2. விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் கூடிய சீக்கிரம் மாற்றுங்கள். அதற்கான பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. இந்தப் புழுவுக்காக 2017-இல் ஒரு சிறப்பு அப்டேட் வந்தது. மாற்றும்வரை அதையாவது போடுங்கள்.

3. திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பவர்கள், குட்டு வெளிப்படாமல் இருக்க அப்டேட்டை நிறுத்தி வைப்பதுண்டு. விலை கொடுக்காமல் பெற்றது ஹலாலா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்கு அது சமம்.

4. முக்கியமான ஃபைல்களை வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வையுங்கள். கணினியிலேயே மாட்டி வைத்தால் புழு அதையும் பூட்டிவிடும். நம் கரிசல் சம்சாரி வீட்டுச் செலவுக்கான தவசத்தோடு விதையைக் கலந்து வைப்பதில்லை அல்லவா? அது போலத்தான்.

5. தெரியாத ஈமெயிலில் வரும் இணைப்புகளைத் திறக்காதீர்கள். இந்தப் புழுவுக்கு அது தேவையில்லை என்றாலும், பணம் பறிக்கும் மற்ற வைரஸ்கள் பலவும் அப்படித்தான் வருகின்றன.

ஒருவேளை சிவப்பு அறிவிப்பு வந்துவிட்டால், முதலில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணினியில் மாட்டாதீர்கள். கணினியை அணைக்காமலும் ரீஸ்டார்ட் செய்யாமலும் விவரம் தெரிந்தவரை அழையுங்கள். எக்ஸ்பி, விண்டோஸ் 7 கணினிகளில் அணைக்காமல் இருந்தால் சில நேரம் பூட்டைத் திறக்க உதவும் மென்பொருளைப் பிரான்ஸ் நாட்டு வல்லுநர்கள் வெளியிட்டுள்ளனர். பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் ஃபைல் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கட்டிய பணம் அடுத்த கொள்ளைக்கு முதலீடாகும். காவல்துறையில் புகார் கொடுங்கள்.

செல்போன் மட்டும் வைத்திருக்கும் குடும்பங்கள் அஞ்ச வேண்டாம். இந்தப் புழு விண்டோஸ் கணினிகளுக்கானது. ஆண்ட்ராய்டு போனைத் தாக்காது.

அப்டேட் போடத் தெரியாதவர்கள் டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், கணினி படிக்கும் நம் கல்லூரி மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கோ கடைக்கோ வந்து இலவசமாகச் செய்து தருவார்கள், இன்ஷா அல்லாஹ். பெருநாள் வேலைகள் வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுவோம்.