பூங்காவில் ஒரு தேநீர்ப் பந்தல்

சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைத்து நீர்மோரும் பானகமும் கொடுப்பது நம் ஊர் வழக்கம். தில்லிக்கு வந்த புதிதில், கோடை வெயிலில் சீக்கிய அன்பர்கள் சாலையோரம் நின்று, போகிற வருகிற வண்டிகளை நிறுத்தி, ரோஜா சர்பத் கலந்த குளிர்ந்த பால் கொடுப்பதைப் பார்த்தேன். 'சபீல்' என்று பெயர். 1606-இல் லாகூரில் உயிர்த்தியாகம் செய்த ஐந்தாம் குரு அர்ஜன் தேவ் நினைவாக நடப்பது. 'இதுவும் தண்ணீர்ப் பந்தல்தானே!' என்று தோன்றியது. சரி, வெயிலுக்குப் பந்தல் உண்டு. தில்லியின் மார்கழிக் குளிருக்கு?

இந்தக் கேள்வியில் பிறந்ததுதான் எங்கள் காலனிப் பூங்காவில் நடக்கும் இலவசத் தேநீர்ப் பந்தல். டிசம்பர், ஜனவரி ஞாயிறுகளில் காலை ஏழு முதல் எட்டரை வரை. மூன்று குளிர்காலம் முடிந்துவிட்டது. மற்றக் காலனிகளில் இருக்கும் நம்மவர்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள். பட்டதையும் கற்றதையும் எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. தில்லியில் எல்லாப் பூங்காவும் ஒரே நிர்வாகத்தில் இல்லை. சில மாநகராட்சியைச் சேர்ந்தவை, சில டி.டி.ஏ.வைச் சேர்ந்தவை, புது தில்லிப் பகுதியில் என்.டி.எம்.சி. வாசல் பலகையைப் பார்த்து, அந்த அலுவலகத்தின் தோட்டக்கலைப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் ஒன்றும் இருந்தால் நல்லது. இலவசம்தானே என்று இருந்துவிடவும் கூடாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாப நோக்கம் இல்லாதவர்களையும் தன் வரம்பில் வைத்திருக்கிறது. தொடர்ந்து நடத்துவதானால் பதிவு பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள். புல்வெளியில் அடுப்பு மூட்ட வேண்டாம்.

அடுத்து அளவு. அறுபது பேருக்கு, ஆளுக்கு 100 மில்லி வீதம் 6 லிட்டர் வேண்டும். மூன்றரை லிட்டர் தண்ணீரில் 75 கிராம் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொதிக்க விட்டு, 150 கிராம் தேயிலை, பிறகு 3 லிட்டர் பால். கொதித்து வற்றினால் கணக்கு சரியாக இருக்கும். சர்க்கரை 400 கிராம் போதும். அதைத் தேநீரில் கலக்காமல் தனியே வையுங்கள். காலையில் நடக்க வருகிறவர்களில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்பது முதல் நாளே தெரிந்துவிடும்! குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில் ஊற்றினால் கடைசி ஆள் வரை சூடு இருக்கும். மிஞ்சினால் மறுபடி சுட வைத்துக் கொடுக்காதீர்கள். 'காப்பி கொடுத்தால் என்ன?' என்று கேட்ட மாமியிடம், அறுபது பேருக்கு டிகாக்‌ஷன் இறக்கித் தரச் சொன்னோம். பிறகு அந்தப் பேச்சே இல்லை.

இனி, நாங்கள் செய்த இரண்டு தவறுகள்.

முதல் இரண்டு வாரம் எங்கள் வீட்டிலேயே போட்டுக் கொண்டு வந்தோம். மூன்றாவது ஞாயிறு பூங்கா வாசலைக் கடக்கும்போதுதான் கவனித்தேன். அங்கே டீ விற்கும் பீகார்க்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் எங்கள் புண்ணியத்தில் போயிருந்தது. அடுத்த வாரம் முதல் பாலும் தேயிலையும் நாங்கள் வாங்கிக் கொடுக்க, அவர் அடுப்பில் அவரே போடுகிறார். கூலியும் கொடுக்கிறோம். தேநீரும் எங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது.

இரண்டாவது தவறு என்னுடையது. எங்களிடம் எவர்சில்வர் டம்ளர்கள் இருந்தன. பிளாஸ்டிக் கோப்பைகளுக்கு 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை. நடைப்பயிற்சிக்கு வரும் ஒருவர், "துப்புரவுக்காரர்கள், ரிக்‌ஷாக்காரர்களுக்கு மட்டும் காகிதக் கோப்பை வைக்கலாமே, சுகாதாரம்" என்றார். நான் மறுக்கவில்லை. அந்த ஞாயிறு இரண்டும் மேஜைமேல் இருந்தன.

பூங்காவைப் பெருக்கும் அம்மா தன் மகனுடன் வந்தார். பையன் எவர்சில்வர் டம்ளரை எடுக்கக் கை நீட்டினான். அவர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்து, காகிதக் கோப்பையின் பக்கம் திருப்பினார். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தே புரிந்துகொண்டுவிட்டார்.

என் சிறு வயதில் எங்கள் கிராமத்து டீக்கடையில் இரண்டு வகை டம்ளர் உண்டு. ஒரு வகை உள்ளே. மற்றது வெளியே, குடித்தவர்களே கழுவி வைக்க வேண்டும். நான் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து குடித்தவன். தீண்டாமையின் பேரால் பொது உணவிடத்துப் பாத்திரத்தை ஒருவருக்கு மறுப்பது 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்கள் பந்தலில் யாரும் யாருக்கும் மறுக்கவில்லை. இரண்டு வகை வைத்தோம், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருந்தது. ஆயிரத்து ஐந்நூறு மைல் தள்ளி வந்தும் அந்த டீக்கடையை நானே திறந்து வைத்திருக்கிறேன்!

மறு ஞாயிறு காகிதக் கோப்பை இல்லை. சுகாதாரம் என்ற பேச்சுக்கு ஒழுங்கான பதில் கழுவுவதுதான். மூன்று வாளி வைத்தோம்: ஒன்றில் அலசல், ஒன்றில் சோப்பு நீர், ஒன்றில் நல்ல வெந்நீர். முறை வைத்து நாங்களே கழுவுகிறோம். தேயிலைச் சக்கையைப் பால் போக அலசி மாலியிடம் கொடுத்தால் ரோஜாச் செடிக்குப் போடுகிறார். அலசாவிட்டால் எறும்பு மொய்க்கும்.

யோசனை சொன்னவர் அதன் பிறகு எங்கள் மேஜைக்கு வருவதில்லை. தூரத்திலிருந்து வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். அந்தப் பையன் ஒவ்வொரு வாரமும் வருகிறான், சர்க்கரை மூன்று ஸ்பூன்.

உங்கள் காலனியிலும் தொடங்குங்கள். தொடங்குமுன் ஒரு ஞாயிறு எங்கள் பந்தலுக்கு வந்து பாருங்கள். தேநீர் உண்டு, டம்ளர் கழுவத்தான் ஒரு ஆள் எப்போதும் குறைகிறது.