குளிர்ப்பெட்டிக்கு எவ்வளவு வெயில் வேண்டும்?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. விலையின்றிக் கிடைக்கும் வெயிலுக்கும் அவ்வறிவுரை பொருந்துமென்பதை அனுபவத்தாற் கற்றவன் யான்.

2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு நிலவியதை எவரும் மறந்திரார். மருந்துகளும் அருகியிருந்த காலம் அது. எமது இல்லத்திலோ அன்னையாரின் இன்சுலின் குப்பிகள் குளிர்ப்பெட்டியில் இருந்தன. திறவாத இன்சுலின் 2 பாகை முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் இருத்தல் வேண்டும். ஆதலால் அவ்வாண்டு ஆனி மாதத்தில் 400 வாற்றுச் சூரியத் தகடுகளையும் பற்றறி ஒன்றையும் வாங்கி, குளிர்ப்பெட்டியை அவற்றுடன் இணைத்தோம். “பெட்டி 120 வாற்று, தகடுகள் 400 வாற்று. மும்மடங்குக்கு மேல் இருக்கிறதே!” என்றார் விற்பனையாளர். பட்டம் பெற்ற யானும் தலையசைத்தேன்.

ஆடியும் ஆவணியும் இனிதே கழிந்தன. கார்த்திகை மழையில் ஒரு நாட் காலை எழுந்து பார்த்தால், பெட்டி ஓய்ந்து, பனிக்கட்டி உருகி, தரையெல்லாம் நீர். அன்னையார் எவரையும் நோகவில்லை. ஈரமணலிட்ட மண்பானை ஒன்றிற் குப்பிகளை வைத்து மூடினார். எனக்குத்தான் தலை குனிந்தது.

பிழை யாது? வாற்று என்பது மின்சக்தி செலவாகும் வேகத்தைக் குறிப்பது. நாளொன்றின் மொத்தச் செலவை அது கூறாது. குழாயின் பருமனைப் பார்த்த நாம், தாங்கிக்குள் எவ்வளவு நீர் வருகிறது, எவ்வளவு போகிறது என்று பாராது விட்டோம். பெட்டிக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். வெயிலின் வரவோ சில மணி நேரமே.

முதலிற் செலவைக் காண்போம். பெட்டியின் அமுக்கி இடைவிடாது ஓடுவதில்லை. போதிய குளிர் வந்ததும் நின்று, வெப்பம் ஏறியதும் மீண்டும் ஓடும். எமது 200 லீற்றர்ப் பெட்டியின் அமுக்கி நாளில் ஏறக்குறைய 10 மணி நேரம் ஓடுகிறது. 120ஐ 10ஆற் பெருக்கினால் 1,200 வாற்று-மணி, அதாவது 1.2 அலகு. செருகியுடன் பொருத்தும் சிறு மின்மானியைக் கொண்டு மூன்று நாட்கள் அளந்தால் உங்கள் பெட்டியின் கணக்குப் புலப்படும். பற்றறியின் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டரும் தன் பங்குக்குச் சிறிது உண்ணும். அதற்கென 300 சேர்த்தால் 1,500 வாற்று-மணி.

அடுத்தது வரவு. நாள் முழுவதும் விழும் வெயிலை உச்சி வெயிலாகத் திரட்டினால், கோடையில் 5½ மணி நேரம் எனவும், மாரியில் 3½ மணி நேரம் எனவும் கொள்ளலாம். வெப்பம், தூசி, கம்பி, பற்றறி ஆகியவற்றால் நேரும் இழப்புப் போகப் பத்தில் ஏழு பங்கே கைக்கு வரும். எமது 400 வாற்றுத் தகடுகள் கோடையில் 1,540 வாற்று-மணி தந்தன. மாரியில் 980 மட்டுமே. ஆகவே மாரியை வைத்தே கணக்கிடல் வேண்டும். 1,500ஐ 3½ஆல் வகுத்து, மீண்டும் 0.7ஆல் வகுத்தால் 612 வாற்று. 330 வாற்றுத் தகடுகள் இரண்டு போதும்.

மூன்றாவது சேமிப்பு. ஒரு நாள் முழுவதும் வானம் இருண்டாலும் தாங்க 1,500 வாற்று-மணி இருப்பு வேண்டும். ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 3,000 வாற்று-மணி கொள்வது தேவை. 12 வோல்ற்றில் 250 அம்பியர்-மணி. லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகையில் ஐந்தில் நான்கு பங்கை எடுக்கலாமாதலின், 12.8 வோல்ற்றில் 150 அம்பியர்-மணி அமையும்.

நான்காவது இன்வேட்டர். அமுக்கி தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போலப் பன்மடங்கு மின்னை இழுக்கும். ஆதலால் 1,000 வாற்று இடைவிடாது தந்து, கணநேரம் 2,000 வாற்றுத் தாங்குவதும், தூய சைன் அலை தருவதுமான கருவியைக் கேட்டு வாங்குங்கள்.

பொது மின்வலையுடன் மட்டும் இணைந்த கூரைத் தகடுகள் உடையோர்க்கு ஒரு சொல். மின்வலை நின்றால் அத்தகடுகளும் நிற்கும். கம்பி திருத்துவோரின் உயிரைக் காக்கவே அவ்வாறு அமைத்துள்ளனர். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் பகலில் நாடு முழுவதும் மின் தடைப்பட்டபோது, பற்றறியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இல்லாத கூரைகள் எரிவெயிலிலும் பயனற்றுக் கிடந்தன.

தகடு வாங்குமுன் செலவைக் குறைத்தல் இல்லத்தார் கையில் உள்ளது. கதவின் இறப்பர் விளிம்பு தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். பெட்டியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். சூடான கறியை ஆறிய பின்பே உள்ளே வையுங்கள். குறையும் ஒவ்வொரு நூறு வாற்று-மணிக்கும் ஏறத்தாழ 40 வாற்றுத் தகடு மிச்சமாகும்.

கணக்கைத் திருத்தி, தகடும் பற்றறியும் கூட்டிய பின் எமது பெட்டி எந்த மாரியிலும் ஓய்ந்ததில்லை. ஆயினும் அந்த மண்பானையை அன்னையார் இன்னும் எறியவில்லை. சமையலறை மூலையில், என் கண்ணிற் படும்படியாகவே வைத்திருக்கிறார்.